கிதார் ஓட்டையில் சுசீலா

பெட்டியின் மேல் பெரிய எண் அச்சடித்திருந்தால் போதும், எனக்குக் கை நமநமக்கும். அப்பா விட்டுப்போன எல்.பி. ரெக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றக் கிளம்பியவன் முதலில் ஊசியைப் பார்த்தேனா, தட்டைத் துடைத்தேனா? '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கிற பெட்டியைத்தான் தேடினேன்.

24 பிட்டுக்காவது ஒரு நியாயம் உண்டு. அளவைக் கொஞ்சம் தாழ்த்தியே வைத்துப் பதியலாம். திடீரென்று பாட்டு உச்சத்துக்குப் போனாலும் கிளிப் ஆகாது. மற்றபடி வினைலின் இரைச்சலுக்கு 16 பிட்டே தாராளம். 192-க்கு இந்தச் சாக்கும் கிடையாது. ஒரு மணி நேரப் பாட்டு 4 ஜி.பி.யைத் தாண்டி டிஸ்க்கை அடைத்ததுதான் அதனால் நான் கண்ட பலன்.

அதற்கும் முன்னால், காசே செலவழிக்காமல் முடிக்கப் பார்த்தேன். டர்ன்டேபிள் வயரை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் செருகினேன். சுசீலா தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடினார். "அவங்களுக்கு ஜலதோஷமா?" என்றாள் மனைவி.

ஜலதோஷம் இல்லை. தட்டில் பள்ளம் வெட்டும்போதே பாஸைக் குறைத்து, கீச்சு ஒலிகளைத் தூக்கிவிடுகிறார்கள். அப்படியே விட்டால் பாஸ் பள்ளத்தை அகலமாக்கி இடத்தைத் தின்றுவிடும். இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. அளவுகோல் என்று பெயர், 1954-லிருந்து இருக்கிறது. திரும்ப ஒலிக்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். ஊசி தரும் சில மில்லிவோல்ட்டையும் நூறு மடங்குபோலப் பெருக்க வேண்டும். இரண்டையும் செய்வது ஃபோனோ ப்ரீஆம்ப். எனக்குப் புரிந்தது 'பெருக்க வேண்டும்' என்பது மட்டும். உடனே 192 போட்ட ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினேன்.

அதில் ஒரு ஓட்டை மைக்குக்கு, இன்னொன்று கிதாருக்கு. எனக்கு வேண்டியதோ ஒரே மாதிரியான இரண்டு லைன் இன்புட். பெட்டியில் தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். இடது சேனலை மைக்கிலும் வலதைக் கிதாரிலும் செருகி, சுசீலாவை ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க வைத்தேன். இதில் இன்னொரு வயிற்றெரிச்சல்: அப்பாவின் தட்டுகளில் பாதிக்கு மேல் மோனோ. மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கும். ஸ்டீரியோ ஊசியில் ஓட்டி இரண்டு சேனலையும் சம அளவில் கூட்டினால், மேலும் கீழும் குதிக்கிற சரசரப்பு நன்றாகவே அடங்கிவிடும். என் சேனல்கள் சமமாக இருந்தால்தானே!

பிறகு ஃபோனோ ப்ரீஆம்ப்பும் வந்தது. பாஸ் வந்தது, கூடவே 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் உறுமலும் வந்தது. ஃப்ரிட்ஜை அணைத்தேன். பக்கத்து வீட்டு மோட்டாரைத் திட்டினேன். டர்ன்டேபிளின் பின்னால் ஒரு மெல்லிய பச்சை வயர், முனையில் இரண்டாகப் பிளந்த தகட்டோடு, ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிக் கிடந்தது. ஏதோ உபரி என்று நானேதான் சுருட்டி வைத்திருந்தேன். எர்த் வயர். ப்ரீஆம்ப்பின் திருகில் அந்தத் தகட்டை நுழைத்து முடுக்கியதும் உறுமல் நின்றது.

முடுக்கக் குனிந்தபோதுதான் டர்ன்டேபிளின் முதுகில் ஒரு குட்டி ஸ்விட்ச் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் 'ஃபோனோ', மறுபக்கம் 'லைன்'. ப்ரீஆம்ப் உள்ளேயே இருந்திருக்கிறது! சரி, அதையும்தான் பார்ப்போமே என்று 'லைன்' பக்கம் தள்ளினேன், வெளியே வாங்கியதைக் கழற்றாமல். இரட்டைத் திருத்தம். சுசீலாவைக் காணோம், ஜன்னல் கண்ணாடிதான் அதிர்ந்தது.

இப்போது இரண்டு லைன் இன்புட் உள்ள ஒரு பழைய இன்டர்ஃபேஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 48 கிலோஹெர்ட்ஸில் ஒழுங்காக வேலை பார்க்கிறது. ப்ரீஆம்ப் அலமாரியில். 192 பெட்டிக்குத்தான் ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. "கிதார் கத்துக்கிறியாம்மா?" என்று மகளிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"வீணை கிளாஸுக்கு ஃபீஸ் கட்டிட்டியாப்பா?" என்றாள்.