சாகாவரமும் ஒரு சுண்டெலியும்

ஜெர்மன்காரன் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த காலம். நிலக்கரி கிடையாது. வீட்டில் உட்கார்ந்து எழுதினால் விரல் விறைத்துப்போகும். ஆகவே பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வார் கடை திறந்த கையோடு கஃபே த ஃப்ளோருக்குப் போய், கணப்படுப்புக்குப் பக்கத்து மேஜையில் துண்டு போட்டுவிடுவார். அந்த நாட்களில் எழுதத் தொடங்கி 1946-ல் வெளிவந்த நாவல் ‘எல்லா மனிதரும் சாகிறவர்களே’. சாகாத ஒருவனின் கதைக்கு இப்படித் தலைப்பு வைக்கத் தத்துவம் படித்திருக்க வேண்டும்.

நாவல் இருத்தலியத் தத்துவவாதி சார்த்தருக்குச் சமர்ப்பணம். 1929-ல், “முதலில் 2 வருஷத்துக்கு ஒப்பந்தம், அப்புறம் பார்ப்போம்” என்று பொவ்வாருடன் காதலைத் தொடங்கிய மனுஷர் அவர். நம் ஊரில் வாடகை வீட்டு அக்ரிமெண்டுக்கே 11 மாதம்தான், சார்த்தர் தாராளம். அவருக்குப் போய் முடிவே இல்லாத ஒரு காதலனைக் காணிக்கையாக்கியதில் அம்மையாரின் குசும்பு தெரிகிறது.

கதாநாயகன் ஃபோஸ்கா 1279-ல் இத்தாலியில், கார்மோனாவில் பிறந்தவன். ஊரை ஆள்கிறான். ஒரு கிழவன் தன் உயிருக்கு விலையாக ஒரு குப்பியை நீட்டுகிறான்: குடித்தால் சாவு இல்லை. இவ்வளவு உசத்தியான மருந்தை இவன் ஏன் குடிக்காமல் வைத்திருக்கிறான் என்று ஃபோஸ்காவுக்கு நியாயமான சந்தேகம். நெல்லிக்கனி கிடைத்த அதியமான் ஔவைக்குக் கொடுத்தான். ஃபோஸ்கா ஒரு சுண்டெலிக்குக் கொடுத்தான். எலி விறைத்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடியது. மீதியை இவன் குடித்துவிட்டான். எலியின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

சாகாவரம் வந்தால் புத்தியும் வரும் என்று யார் சொன்னது? முற்றுகையில் தானியம் குறைந்தபோது, உட்கார்ந்து சாப்பிடும் வாய்கள் என்று கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கோட்டைக்கு வெளியே தள்ளிய நிர்வாகி அவன். ஊரைக் காப்பாற்றியாயிற்று, ஊரார்தான் போய்விட்டார்கள். பிறகு, ஒரு ஊர் போதாது என்று சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸுக்கு ஆலோசகரானான். அதுவும் உருப்படவில்லை. கனடாக் காட்டில் சீனாவுக்கு வழி தேடினான். சீனா அங்கே இல்லை.

18-ஆம் நூற்றாண்டில் மரியான் என்ற பெண்ணை உண்மையாகவே காதலித்தான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறைத்துவிட்டான். வயதைக் குறைத்துச் சொன்ன மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம்; 4 வருஷம், மிஞ்சினால் 5. இவன் குறைத்தது நானூற்றுச் சொச்சம். விஷயம் வெளியே வந்ததும் அவள் உடைந்துபோனாள். வயது அவளுக்குப் பெரிதில்லை. தன் ஆயுள் முழுவதையும் அவனுக்குக் கொடுக்கிறாள். அவனுக்கோ அது சில்லறை. நாவலில் எனக்குப் பிடித்த இடம் இது. இந்தக் கணக்கு எந்த ஜோடிக்கும் நேராது; ஆனாலும் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

அவளும் போய்ச் சேர்ந்தாள். 1848 புரட்சியையும் பார்த்துவிட்டு, மனுஷன் காட்டில் படுத்து 60 வருஷம் தூங்கினான். எழுந்ததும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் 30 வருஷம். வெளியே வந்து ரூவான் நகரத்து ஹோட்டல் தோட்டத்தில், இராப்பகலாகச் சாய்வு நாற்காலியில் கிடந்தவனை ரெஜினா என்ற நாடக நடிகை பார்க்கிறாள். பக்கத்தில் வேறொருத்திக்குக் கைதட்டல் விழுந்தாலே பொறுக்காதவள். அவளை நம்பவைக்க, அவன் சவரக்கத்தியை எடுத்துத் தன் கழுத்தை அறுத்துக் காட்டுகிறான். ரத்தம் வழிகிறது, பிறகு காயம் தானே மூடிக்கொள்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவன் வேறென்ன செய்வான்? ரெஜினாவின் மூளை உடனே வேலை செய்கிறது: சாகாதவன் ஞாபகத்தில் இடம் பிடித்தால் நாமும் சாகமாட்டோமே! ஞாபகசக்திக்கு அவன் என்றுமே உத்தரவாதம் தந்ததில்லை என்பதை அவள் விசாரிக்கவில்லை.

இதைத்தான் 1995-ல் படமாக்கினார்கள். பிரெஞ்சு நாவல், இத்தாலியக் கிழவனாக அயர்லாந்துக்காரர் ஸ்டீபன் ரே, ஜோடி இரேன் ஜாக்கோப், கூடவே ஜெர்மனியின் மரியான் ஸேகெபிரெக்ட், பேசுவது இங்கிலீஷ். டைரக்டர் ஆட்டே த யாங், ஹாலந்துக்காரர். நாலு வருஷம் முன்பு ‘டிராப் டெட் ஃப்ரெட்’ எடுத்தவர்: ஒரு பெண்ணின் கற்பனைத் தோழன் வீட்டைத் துவம்சம் செய்யும் அமர்க்களம். அங்கிருந்து இருத்தலியத்துக்கு ஒரே தாவல்!

ரேயின் தேர்வைக் குறை சொல்லமாட்டேன். 600 வருஷம் தூக்கம் கெட்டது போன்ற முகம் அவருக்கு, ஒப்பனைச் செலவு மிச்சம். ‘த க்ரையிங் கேம்’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர். ஜாக்கோப் இந்தப் படத்துக்கு முந்தைய ஆண்டுதான் கீஸ்லோவ்ஸ்கியின் ‘சிவப்பு’ படத்தில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். அப்படியும் படம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சிக்கல் கதையிலேயே இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் ஒருவன் சலித்துப்போவதைப் புத்தகம் பக்கம் பக்கமாக நம்மீது ஏற்றும். தியேட்டரில் அதே சலிப்பை ஏற்றினால் ஜனம் டிக்கெட் காசைத் திரும்பக் கேட்கும். பொவ்வார் 1986-லேயே கண்ணை மூடிவிட்டார். சாவதில் அப்படி ஒரு வசதி.

நாவலின் முடிவில் ஃபோஸ்கா தன்னை வாட்டும் கெட்ட கனவைச் சொல்கிறான். மனிதர் அத்தனை பேரும் செத்துவிட்டார்கள். பூமி வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, மேலே நிலா. மிச்சம் அவனும் அந்தச் சுண்டெலியும். அந்தப் படத்துக்கு அன்றைக்காவது இரண்டு பேர் வருவார்கள். ஃபோஸ்காவுக்கு நேரப் பஞ்சம் இல்லை. எலி பாதியில் எழுந்து போகாமல் இருக்க வேண்டும்.