பிள்ளை போய்விட்டது, மற்றவை இருக்கின்றன

குமரியின் மறைசாட்சி தேவசகாயத்தின் பெயரிலிருந்து ரோம் சாதியை எடுத்துவிட்டது. முதலில் 'தேவசகாயம் பிள்ளை' என்றே எழுதிவந்தார்கள். சாதி பார்க்காமல் பழகியவருக்குச் சாதி வாலா என்று ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் எழுதிக் கேட்டார்கள். வால் போயிற்று. 2022 மே 15 அன்று வெறும் தேவசகாயமாகப் புனிதரானார். குமரி மாவட்டமே கொண்டாடியது. கொண்டாடிய கையோடு 'ஆர்.சி. நாடார் மணமகள் தேவை' என்று விளம்பரமும் கொடுத்தது. புனிதருக்குத்தான் சாதி வேண்டாம். மாப்பிள்ளைக்கு வேண்டும்.

இப்போது சபைகளில் புழங்கும் சொல், 'அனைவரையும் உள்ளடக்கிய தலைமை'. கருத்தரங்கு உண்டு, பேனர் உண்டு, மதியம் பிரியாணி உண்டு. பல இனத்தார் கூடும் சபையை நடத்துவது எப்படி என்று பாடம். வெளிநாட்டுச் சபையினருக்கு நிறமும் மொழியும் வேறுவேறு. அவர்கள் பாடு கஷ்டம்தான். நமக்கு நிறம் ஒன்று, மொழி ஒன்று, பைபிளும் ஒன்று. இருந்தும் பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, மூன்றாவது கேள்வியில் ஆளைப் பிடித்துவிடுவோம். புதுப் போதகர் வருகிறார் என்றால் பிரசங்கம் எப்படி என்று யார் கேட்கிறார்கள்? "அவரு நம்ம ஆளா?"

தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர், குமரி எல்லைக்கு அப்பாலுள்ள வடக்கன்குளம். அதே ஊரில் 1870களில் எழுப்பிய கோயிலுக்குக் கூடம் இரண்டு. ஒன்று வெள்ளாளருக்கு, ஒன்று நாடாருக்கு. நடுவே சுவர். பீடம் மட்டும் பொது. கடவுளை இரண்டாக வெட்ட முடியவில்லை போலும். 1910இல் சுவரை இடித்தார்கள். உடனே வெள்ளாளர் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நீதிபதிகளுக்குப் புரிந்த சுவிசேஷம் விசுவாசிகளுக்குப் புரியவில்லை.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். சுவருக்கு நாடார் பக்கம் நின்று அவமானப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எத்தனை கமிட்டிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரைப் பின்வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

2014இல் கோட்டாறு மறைமாவட்டத்தைப் பிரித்துக் குழித்துறை பிறந்தது. பெரும்பாலும் உள்நாட்டுப் பங்குகள் அங்கே போயின. கடற்கரைப் பங்குகள் கோட்டாறோடு நின்றன. ரோமின் ஆணையில் நிர்வாக வசதி. குமரியின் டீக்கடையில் அது கடற்கரை முக்குவர், உள்நாட்டு நாடார் கணக்கு. ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்பவர்கள், ஆயர் நாற்காலி என்று வந்தால் உள்நாடு, கடற்புறம் என்று பிரிந்து எண்ணத் தொடங்குகிறார்கள். மீன் மட்டும் நன்றாகவே உள்நாட்டுக்கு வருகிறது.

சீர்திருத்தச் சபையினர் சிரிக்க வேண்டாம். தென் திருவிதாங்கூரில் உங்கள் சபைக்கு வாசல் திறந்தவர் மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம். தலித் சாம்பவர். அவர் அழைத்துத்தான் 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார். 1809இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. நாகர்கோவிலுக்கு அச்சகமும் பள்ளிகளும் தந்த மிஷனரி மீட் ஐயர் 1850களின் தொடக்கத்தில் பறையர் குலப் பெண்ணை மணந்தார். சக மிஷனரிகளுக்கு அது பொறுக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த மனிதர் மிஷனை விட்டு வெளியேற வேண்டிவந்தது. திருவிதாங்கூர் அரசு கூப்பிட்டு வேலை கொடுத்தது. மிஷன் துரத்தியவருக்கு இந்து ராஜா சோறு போட்டார்! வேதமாணிக்கத்துக்கு வருஷாவருஷம் நினைவுகூரல் நடக்கும், மாலை விழும். அவர் சனங்களுக்கு ஓட்டு விழுமா? பேராயத் தேர்தல் வரும்போது கேட்டுப் பாருங்கள். ஜெபிக்கலாம் என்பார்கள்.

2016இல் இந்திய ஆயர் பேரவை ஒரு தலித் கொள்கை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. பாவசங்கீர்த்தனம் நமக்குப் பழகிய வேலை. அபராதம்தான் பாக்கி.

ஆகஸ்ட் 10 வந்தால் எல்லாச் சபைகளுக்கும் ரோஷம் வந்துவிடும். 1950இன் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவருக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்றது. பிறகு சீக்கியரையும் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே. அநியாயம்தான். கறுப்புப் பட்டை கட்டி, மதம் மாறினாலும் சாதிக் கொடுமை தீரவில்லை என்று டெல்லிக்கு மனு எழுதுகிறார்கள். கொடுமை செய்வது யார் என்ற இடத்தில் மட்டும் மனு நாசூக்காகக் கனைத்துக்கொள்கிறது. மனுவின் நகலை ஆயர் இல்லத்துக்கும் பேராய அலுவலகத்துக்கும் அனுப்பலாம். உள்ளூர்தான், தபால் செலவும் குறைவு.