முனை ஆடினா மானுக்குக் கொண்டாட்டம்

வாங்க வேட்டைக்காரரே, வாங்க. இலை போட்ட சட்டை, இலை போட்ட தொப்பி, மூஞ்சியில கரி. உன் ஆத்தாளுக்கே அடையாளம் தெரியாது போ. மூணு பிளேடு பிராட்ஹெட் முனை டப்பா வேற கையில. விலைச் சீட்டைக் கூடப் பிரிக்கல, நாலு பேர் பாக்கணும்ல! அக்டோபர் 1 பிறந்தா நம்ம மிச்சிகன்ல வில்லு வேட்டை. நவம்பர் 14 வரைக்கும் காட்டுல சத்தம் இருக்காது, மறுநாள் துப்பாக்கிக்காரன் வந்துருவான். அதுக்குள்ள ஒரு மானாவது உன்னைப் பாத்துச் சிரிக்காம இருக்கணும்னா, அந்த அம்பை இப்படிக் கொடு.

"அதான் திருகிட்டேனே தாத்தா"ன்னு சொல்றே. திருகினே, நானும் பாத்தேன். வெறுங்கையாலயே திருகினே. டப்பாவுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் சாவி கிடக்கே, அதை எதுக்கு வச்சான்னு நினைச்சே? விரல்தான் பத்து இருக்கே, ஒண்ணு ரெண்டு போனா என்னன்னா?

சரி, அம்பைத் தலைகீழா நிறுத்து. முனை பலகை மேல இருக்கட்டும், தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுச் சுண்டி விடு. பம்பரம் தூங்குமே, அப்படித் தூங்கணும். மேல இறகை என்னத்துக்குடா பாக்குறே? பிளேடும் தண்டும் சேர்ற கழுத்தைப் பாரு. அங்க மசமசன்னு தெரியுதா? அதுதான் ஆட்டம்.

போன வாரம் பூரா குண்டு முனையைப் போட்டு ஒரே இடத்துல அடிச்சேன்னு பீத்திக்கிட்டே. அந்தக் குண்டு முனை உன் குத்தத்தை எல்லாம் மூடி மறைச்சிரும், நல்ல மனசு அதுக்கு. பிராட்ஹெட் அப்படி இல்ல. அம்புக்கு முன்னால பிளேடு இருந்தா காத்து அதையும்தான் பிடிக்கும். பின்னால இறகு ஒரு பக்கம் திருப்பும், முன்னால கோணல் முனை இன்னொரு பக்கம் இழுக்கும். உன் புது வில்லு வினாடிக்கு 280 அடி வேகத்துல வேற தள்ளுது. வேகம் கூடக்கூட முன்னால இருக்கிறவன் பேச்சுதான் எடுபடும்.

முனை மேல பழி போடாதே. ரெண்டு முனையும் 125 கிரெய்ன், சுமார் 8 கிராம், எடையில ஒரு வஞ்சகமும் இல்ல. பிராட்ஹெட்டை இந்தத் தண்டுல இருந்து கழத்தி அடுத்த தண்டுல போட்டுச் சுத்திப் பாரு. பாத்தியா, ஆடல! அப்ப கோணல் தண்டோட வாயில. நீளத்துக்கு அறுக்கும்போது பராக்குப் பாத்துக்கிட்டே அறுத்திருப்பே. இனிமே முனையைத் திருகுற இன்சர்ட்டை ஒட்டுறதுக்கு முன்னால, அந்த வெட்டு வாயில மார்க்கர் மையைப் பூசு. தண்டைத் தொட்டில்ல வச்சு உப்புத்தாள்ல உரசுற கருவி ஒண்ணு விக்குது, அதுல மெதுவா உருட்டு. மை எந்தப் பக்கம் முதல்ல அழியுதோ அந்தப் பக்கம் மேடு. சுத்தி வர மை போற மட்டும் உருட்டு. ஏற்கெனவே ஒட்டினதுக்கு இன்சர்ட் முகத்துல அதே வைத்தியம். கார்பன் தூளை மூக்குல ஏத்திக்காதே, பொடி போடுற வயசு எனக்குத்தான்.

என்னோட சீடார் மர அம்புக்கு இந்தத் திருகாணி எல்லாம் கிடையாது. தண்டு நுனியை 5 டிகிரி கூம்பாச் சீவி, சூட்டுப்பசையை உருக்கித் தடவி, குறட்டால முனையைப் பிடிச்சு லேசாச் சூடு காட்டிச் சொருகணும். சுத்திப் பாத்து ஆடினா மறுபடி சூடு காட்டிக் கால் வட்டம் திருப்பு, மறுபடி சுத்து. அதனாலதான் எபாக்ஸி பக்கம் நான் போறதே இல்ல. ஒட்டினா ஒட்டினதுதான், கோணல் இருந்தா கோணலோடயே குடித்தனம். நீ இதைப் பாத்துட்டு உன் கார்பன் தண்டுல தீயை நீட்டிராதே, தண்டே போயிரும். வில்லு செய்யுற ஃப்ரெட் பேர் இதோ நம்ம மிச்சிகன் கிரேலிங்ல 1947ல பட்டறை போட்டாரு, ஒட்டிப் போடுற ரேசர்ஹெட் முனையை 1956ல இறக்கினாரு. உன் மாதிரி இலை போட்ட தொப்பி இல்ல, தலையில ஒரு சாதாரணத் தொப்பி. மான் என்னவோ விழுந்துச்சு.

பிளேடும் இறகும் ஒரே கோட்டுல நிக்கணும்னு எவனோ சொன்னானாமே? நிக்கட்டும், பாக்க லட்சணமா இருக்கும். ஆடாத முனை எந்தப் பக்கம் பாத்து நின்னாலும் நேராத்தான் போகும்.

இப்ப கெட்டி ஃபோம் இலக்கு முன்னால போய் நில்லு. மூட்டை இலக்கு வேணாம், கிழிச்சு வச்சிருவே. குண்டு முனை ஒண்ணு, பிராட்ஹெட் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி விடு. பிராட்ஹெட் வலப்பக்கம் விழுந்தா அம்பு தாங்கியை இடப்பக்கம் நகத்து. நூலிழை போதும், முழம் போடாதே. ரெண்டும் ஒரே இடத்துல விழ ஆரம்பிச்சதும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுரணும். நீ நிக்க மாட்டே, இன்னும் ஒரே ஒரு திருகுன்னு கை அரிக்கும். ஆலன் கீயைத் தேடாதே, அது அப்பவே என் சட்டைப் பைக்கு வந்துருச்சு.