மீள்புகு படலம்: பழைய கம்பெனிக்குத் திரும்பியோர் குறித்த ஆராய்ச்சி

விட்டுப்போன கம்பெனிக்கே திரும்பி வந்து, வந்த வேகத்தில் நொந்து, மறுபடி பேப்பர் போடுவோரைப் பற்றி இதுகாறும் முறையான ஆய்வு எதுவும் வெளிவராதது தமிழ் ஆய்வுலகுக்கு நேர்ந்த இழுக்கு. அக்குறையை இக்கட்டுரை ஓரளவு களையும். மீதியைக் களையக் கருத்தரங்கும் மதியச் சாப்பாடும் தேவை.

தொல்காப்பியத்தில் ஓதல், பகை, தூது, பொருள் எனத் தலைவன் பிரிவதற்குக் காரணங்கள் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் நிகழ்வன பெரும்பாலும் பொருள்வயிற் பிரிவே. ஹைக் கிடைத்தது, போனான். பொருள் தேடிப் போனவன் கார்காலத்துக்குள் திரும்புவது அகமரபு. அப்ரைசலுக்குள் திரும்புவது சோழிங்கநல்லூர் மரபு.

ஆயினும் இத்திரும்பல் அகமன்று, புறமே என்பது என் துணிபு. பகைவர் ஓட்டிச் சென்ற ஆநிரையை மீட்டு வருவது கரந்தை. எதிர்க் கம்பெனி ஓட்டிச் சென்றவனை ஹெச்.ஆர். மீட்டு வருவதும் அதுவே. இரண்டிலும் மாட்டிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

இனித் திரும்புவோரின் வகை. ஆன்சைட் ஆசையால் திரும்புவோர்: பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார்கள், அவ்வளவே. வீட்டுக்குப் பக்கம் என்று திரும்புவோர்: ஆபீஸ் சிறுசேரிக்கு மாறிவிட்டது. ஸ்டீவ் ஜாப்ஸை மேற்கோள் காட்டித் திரும்புவோர்: 1985இல் ஆப்பிளை விட்டுப் போனவர் 1997இல் திரும்பியபோது, ஆப்பிள் அவருடைய கம்பெனியையே விலைக்கு வாங்கி அவரை உள்ளே அழைத்தது. நம் தலைவனுக்கு வாங்கித் தந்தது கழுத்தில் மாட்ட ஒரு நாடா.

ஆஃபர் லெட்டரைப் படிக்க நச்சினார்க்கினியர் வேண்டும். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் கொள்வதில் அவர் வல்லவர். முதல் பக்கத்தில் உள்ள சம்பளத் தொகையைக் கடைசி இணைப்பில் உள்ள ‘வேரியபிள்’ என்னும் சொல்லோடு மாட்டினால்தான் மாதாமாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று விளங்கும். பணிக்கொடைக் கணக்கோ இன்னும் நயமானது. ஐந்தாண்டு தொடர்ச்சியான பணி வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட விதி. முன்பு நான்காண்டு, இப்போது இரண்டாண்டு, ஆக ஆறு என்று தலைவன் கூட்டுவான். கூட்டக்கூடாது, நடுவே நூல் அறுந்துபோயிற்று.

இவையெல்லாம் சில்லறை. வருத்தத்தின் மூலபாடம் முதல் நாள் காலையில், பழைய மேனேஜரின் திருவாயால் அருளப்படுகிறது: “வாப்பா, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

இச்சூத்திரத்துக்கு மூன்று உரைகள் உள. ‘வாப்பா’ என்பது அன்பு என்பர் லிஃப்ட் வாசல் உரைகாரர். ‘உனக்குத்தான்’ என்பதிலுள்ள தேற்றப்பொருள், வேறு யாருக்கும் தெரியாது என்பதை உணர்த்தி நின்றது. எனவே சனிக்கிழமையும் நீயே வா என்பது குறிப்பு என்பர் டீக்கடைச் சுவடியின் எண்ணெய் படிந்த பக்கத்தார். ‘எல்லாம்’ எனப்பட்டது ஓர் எக்ஸெல் ஃபைல் மட்டுமே என்பது, பெயர் மறைந்த டீம் லீடர் ஒருவரின் லீவ் லெட்டருக்கு மேலாளர் இயற்றிய மறுப்புரைக்கு, ஹெச்.ஆர். வரைந்து அனுப்பாமல் விட்ட விளக்கவுரையின் அடிக்குறிப்பால் பெறப்படும்.

அந்த ஃபைலே நம் கல்வெட்டு. தலைவன் முன்பு போகும்போது விட்டுச்சென்றது, பெயர் ‘பைனல்’. இப்போது ‘பைனல்_புதுசு’, ‘பைனல்_புதுசு_தொடாதே’ என இரு படிகள் கூடியிருக்கின்றன. எது முந்தியது என்பதில் இரு பள்ளிகள் மோதிக்கொள்கின்றன. ‘தொடாதே’ என்பது இடைச்செருகல் என்று ஒரு பள்ளி 40 பக்கம் எழுத, அதுவே மூலம் என்று மறுபள்ளி 80 பக்கத்தில் மறுத்தது. இரு பள்ளியினரும் ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை. அது ஆய்வுலக மரபுக்கு ஒத்ததே. திறந்திருந்தால் மூன்றாவது ஷீட்டில், மஞ்சள் அடித்த கட்டத்தில், ‘இப்போதைக்கு இப்படி. அடுத்து வர்றவர் சரிபண்ணிக்குவார்’ என்று தலைவன் தன் கையாலேயே எழுதிவைத்ததைக் கண்டிருப்பார்கள்.

அடுத்து வந்தவர் அவனே.

தான் போன பிறகு கம்பெனி தவித்துப்போயிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் மனிதன் திரும்புகிறான். தவிக்கவில்லை. மஞ்சள் கட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருந்திருக்கிறது. அவனுக்குக் கீழே வேலை பழகிய பையன் இப்போது அவனுடைய லீவை அப்ரூவ் செய்கிறான், “அண்ணா” என்று கூப்பிட்டபடியே. மரியாதையில் குறை ஒன்றுமில்லை. அதுதான் தாங்க முடிவதில்லை.

ஆகவே இரண்டாம் பிரிவு. இதற்கு இலக்கணம் சுருக்கம். முதல் முறை போனபோது கேக் வெட்டினார்கள். இம்முறை கேக்குக்குக் காசு வசூலிக்க யாருக்கும் முகமில்லை. 90 நாள் நோட்டீஸ் பீரியட். பைனலுக்கு நாலாவது படி ஒன்று எடுத்து, இன்னொரு பையனுக்குக் கே.டி. கொடுத்தாயிற்று.

கடைசி நாளில் எக்ஸிட் படிவம் நீட்டப்படும். அதில் ஒரு கேள்வி: ‘இங்கே மீண்டும் பணியாற்ற விரும்புவீர்களா?’ தலைவன் ஒரு கணமும் தயங்காமல் ‘ஆம்’ என்னும் கட்டத்தில் டிக் அடித்தான். இது தலைவனின் நெஞ்சக் கனிவைக் காட்டும் என்று உரையாசிரியர்கள் உருகுவர். ரிலீவிங் லெட்டர் இன்னும் கைக்கு வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.