குளிகை முடிந்ததும் கவுண்டர் திறக்கும்

பங்காருபேட்டையில் பிறக்கிற பிள்ளைக்கு முதல் பல் முளைப்பதற்குள் ஒரு பி.என்.ஆர். நம்பர் முளைத்துவிடும். ஜங்ஷன் ஊர். சென்னை–பெங்களூரு பாதையில் இங்கேதான் ஒரு கிளை பிரிந்து, கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று தங்கவயலுக்குள் நுழைந்து மாரிகுப்பத்தில் முட்டி நின்றுவிடும். 1894-இல் போட்ட பாதை. விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன். என் கல்யாணமே ரயிலில் நிச்சயமானதுதான். எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த மாரிகுப்பத்துப் பெண் இப்போது என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டில் பைபிள், என் வீட்டில் பஞ்சாங்கம்.

ஆகவே டிக்கெட் விஷயத்தில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு முன்பதிவு, 10 மணிக்கு ஏ.சி. தத்கல், 11 மணிக்கு ஸ்லீப்பர். 120 நாளுக்கு முன்பே எடுக்கலாம் என்றிருந்ததை 2024 நவம்பரில் 60 நாளாகக் குறைத்தார்களே, அன்றைக்கு எங்கள் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. இப்படிப்பட்ட எனக்கு, போலந்தில் கிராகோ நகரில் கம்ப்யூட்டர் வேலையிலிருக்கும் மைத்துனன் போனில் புத்தி சொன்னான். "மச்சான், ஆகஸ்டுல எல்லாரும் வர்றீங்க, சந்தோஷம். மியூசியத்துக்கெல்லாம் இப்பவே புக் பண்ணிடுங்க."

மியூசியத்துக்கா? எங்களைப் பொறுத்தவரை கப்பன் பார்க்கில் திடீரென்று மழை பிடித்தால் ஓடிப்போய் ஒதுங்குகிற கட்டிடத்துக்குப் பெயர்தான் மியூசியம். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பதே வாசலில் போய் நின்ற பிறகு தெரிவதுதான். யாராவது ஒரு சிலையைப் பார்க்க ஒன்றரை மாதத்துக்கு முன்னால் நேரம் குறிப்பார்களா?

குறிக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் மகளின் ஆசை. பள்ளியில் அந்த டைரியைப் படித்திருக்கிறாள். பிரின்சன்கிராக்ட் 263-ஆம் எண் வீடு. 1942-லிருந்து 1944 வரை எட்டுப் பேர் சத்தம் காட்டாமல் ஒளிந்திருந்த இடம். படிகள் செங்குத்து, அறைகள் குறுகல், கூட்டத்தை மொத்தமாக ஏற்ற முடியாது. அதனால் வாசலில் டிக்கெட்டே கிடையாது. எல்லாம் இணையத்தில்தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர்கள் ஊர் நேரம் காலை 10 மணிக்கு, ஆறு வாரம் கழித்து வரும் ஒரு வாரத்துக்கான டிக்கெட்டுகளை ஒட்டுமொத்தமாகத் திறந்துவிடுகிறார்கள். நியாயமான ஏற்பாடு. எனக்குப் பிடித்துப்போனது. இது தத்கல்தானே!

ஆனால் செவ்வாய்க்கிழமை. அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். கோடையில் அவர்களுக்குக் காலை 10 என்றால் நமக்குப் பகல் 1.30. அம்மா தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் தூக்கிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை குளிகை 12-லிருந்து 1.30 வரை. ராகு காலம் 3 மணிக்குத்தான் ஆரம்பம்.

"அட, குளிகை முடியறதுக்கும் அவன் கதவைத் தொறக்கறதுக்கும் சரியா இருக்குதேடா! பஞ்சாங்கம் தெரிஞ்சவன்தான் வெச்சிருக்கான்" என்றாள். குளிர்காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள், அப்போது நமக்கு 2.30 ஆகிவிடும் என்பதை நான் சொல்லவில்லை. நேரத்தையே தள்ளி வைக்கிறவர்கள் மேல் அம்மாவுக்கு மரியாதை போய்விடும்.

படிவத்தை நிரப்பும்போதுதான் நம் இனிஷியல் வேலையைக் காட்டியது. ஐரோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் எனக்கு இருப்பது அப்பாவின் பெயர். விளைவு, டிக்கெட் உறுதியானதும் வந்த மின்னஞ்சல் அப்பாவின் பெயரைப் போட்டு, அன்புள்ள ஐயா, தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம் என்றது. வாழ்நாளில் ஜோலார்பேட்டையைத் தாண்டாதவர். காலமாகியும் வெகு காலம் ஆகிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "உசுரோட இருந்தப்ப என்னைத் திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போகலை. இப்ப மட்டும் தனியா சீமைக்குக் கெளம்பிட்டாரு" என்றாள்.

பணம் கட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நிறமே இல்லாத தண்ணீரை ஊற்றிப் பானிபூரி தருகிற தள்ளுவண்டியில்கூட க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது, ஆம்ஸ்டர்டாமில் அது செல்லாது. கார்டுதான். 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுச் செலவுக்கு நாமே செயலிக்குள் போய்ச் சுவிட்சைப் போட வேண்டும். போட்டேன். ஓ.டி.பி. கேட்காமலே பணம் போய்விட்டது. "ஓ.டி.பி. கேக்காதவன் திருடன்" என்று என் மனைவி அன்று முழுக்க வங்கிக் கணக்கைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது மிலன். இது மனைவியின் அம்மா, அதாவது அத்தையின் ஆசை. தங்கவயலில் சுரங்க லைன் வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கிறிஸ்தவ வீடென்றால் சாப்பிடுகிற இடத்துக்கு மேலே அந்த இராவுணவுப் படம் தொங்கும். நடுவில் இயேசு, இரண்டு பக்கமும் சீடர்கள், கீழே சீரியல் பல்பு. "ஒரிஜினலை ஒரு தபா பாத்துட்டா போதும்" என்றார் அத்தை. ஒரிஜினல், லியொனார்டோ 1495-லிருந்து 1498 வரை ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடச் சுவரில் வரைந்தது. 1943-இல் குண்டு விழுந்து கூடமே இடிந்தபோதும் மணல் மூட்டை அடுக்கிக் காப்பாற்றப்பட்ட சுவர். இப்போது ஒரு தடவைக்குச் சிறு கூட்டமாக உள்ளே விடுகிறார்கள். தூசி புகாமலிருக்க ஒரு கதவு மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். 15 நிமிஷத்தில் வெளியே வந்துவிட வேண்டும். டிக்கெட்டை மூன்று மாதத்துக்கு மொத்தமாகத் திறக்கிறார்கள். நான் பார்த்தபோது ஆகஸ்ட் முழுக்க விற்றுக் காலி.

காலியென்றால் காலிதான். இங்கேதான் ஐரோப்பா நம்மிடம் கற்றுக்கொள்ள வேண்டும். வெயிட்டிங் லிஸ்ட் இல்லை. சார்ட் தயாரான பிறகு யாராவது வராமல் போவார்களா என்று ஏங்குகிற சுகம் இல்லை. ஆர்.ஏ.சி. என்று ஒன்றாவது வைத்திருக்கலாம், இரண்டு பேருக்கு ஒரு ஓவியம். எனக்கு யூதாஸ் பக்கம் கிடைத்தால்கூடப் பார்த்துக்கொள்வேன். எங்கள் ஊரில் டிக்கெட் போட்டுத் தருகிற தம்பியிடம் போனேன். அவன் தோல்வி அறியாதவன். "மிலன் எந்த டிவிஷன்ணா வருது?" என்று கேட்டான். எம்.பி. கடிதம் எடுபடுமா என்றும் கேட்டான். கைடோடு சேர்த்துப் பல மடங்கு விலைக்கு ஏஜென்சிகள் விற்கிற டிக்கெட்டைக் காட்டியதும்தான் அவன் முகத்தில் ஊர்க்காரனைக் கண்ட தெளிவு வந்தது.

மாமாவிடம் விவரத்தைச் சொன்னேன். சாம்பியன் ரீஃபில் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்து, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியதோடு ஓய்ந்தவர். அந்தச் சுவரில் 1652-இல் துறவிகள் ஒரு வாசலை வெட்டி, இயேசுவின் பாதத்தையே காணாமல் அடித்துவிட்டார்கள் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த வாசல் இன்னும் இருக்குதா மாப்ளே?"

"அடைச்சுட்டாங்க மாமா."

"எவ்ளோ கனம் இருக்கும் சொவரு?"

பேச்சை மாற்றினேன்.

காப்பாற்றியவன் மைத்துனன்தான். கிராகோவுக்குப் பக்கத்திலேயே வியெலிச்கா என்றொரு பழைய உப்புச் சுரங்கம். 1978-இல் யுனெஸ்கோ தன் முதல் பட்டியலிலேயே சேர்த்த இடம். உள்ளே தொழிலாளர்களே உப்பைக் குடைந்து ஒரு மாதா கோயில் அளவுக்குத் தேவாலயம் கட்டியிருக்கிறார்கள்; அதன் சுவரில் லியொனார்டோவின் அதே இராவுணவு, உப்பிலே செதுக்கியது. அத்தை உடனே சம்மதித்தார். உப்பு என்றால் பைபிளிலேயே நல்ல பெயர்தான் என்றார். லோத்தின் மனைவியை நான் ஞாபகப்படுத்தவில்லை. இங்கிலீஷ் கைடு வேண்டுமென்றால் நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்வது நல்லது. செய்யப் போகும்போது மாமா தடுத்தார்.

"இரு. சொரங்கத்துல எறங்கறதுக்கு நாம காசு குடுக்கணுமா?"

"ஆமா மாமா."

"அவனுங்க குடுக்க மாட்டானுங்களா?"

அவர் கேட்டது சரி. தங்கவயலிலே இப்போது காசு கொடுத்தாலும் இறங்க முடியாது. சினிமா பார்த்துவிட்டுக் கே.ஜி.எஃப். எங்கே என்று ஆட்டோக்காரரை விசாரித்து வருகிறவர்கள் சயனைடு மேட்டின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். டிக்கெட் இல்லை, நேரம் குறிப்பதில்லை, கைடும் இல்லை. கைடு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, போலந்துக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.

"எவ்ளோ ஆழம் போவான்?"

"135 மீட்டர்."

மாமா என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். சாம்பியன் ரீஃபின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். "135 மீட்டரா? அதுக்குள்ள எங்க ஆளுங்க வெத்தலகூடப் போட்டு முடிச்சிருக்க மாட்டாங்க" என்றார். முதலில் 380 படி நடந்தே இறங்க வேண்டும் என்று மைத்துனன் போனில் சொன்னதும் கோபமே வந்துவிட்டது. "கூண்டு வெக்கலையா? என்னா கம்பெனிடா அது?" ஏறும்போது லிஃப்ட் உண்டு என்ற பிறகுதான் தணிந்தார்.

மதியம் 2 மணிக்கு இடம் இருந்தது. பரவாயில்லையா என்று கேட்டேன்.

"ரெண்டு மணின்னா செகண்ட் ஷிப்டு. போட்டுடு" என்றவர், நான் கார்டு நம்பரை அடித்துக்கொண்டிருக்கும்போது மகனிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார், ஹெல்மெட் அவர்கள் தருவார்களா, வீட்டிலிருப்பதை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று.