இரண்டு இடக்கை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எந்தக் குறையும் இல்லாத ஒரு பொம்மை ரோபோவின் வலது கையை ஹேக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்கும் ஆள் செய்கிற காரியம் இல்லைதான். மனைவி காபி டம்ளரைத் திண்ணையில் வைத்தாள், என்னைப் பார்த்தாள், ரோபோவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

இதற்கு நாற்பது வருடத்துக் காரணம் இருக்கிறது.

நான் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ இருந்தபோது என்னிடம் ஒரு ரோபோ வந்து சேர்ந்தது. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த அத்தை வீட்டு மாமா பெங்களூர் சிக்பேட்டையில் தன் மகனுக்கு வாங்கியது. சாவி கொடுத்தால் நடக்கும், நெஞ்சுக்குள் தீப்பொறி பறக்கும். அத்தை மகன் அதன் வலது கையை உடைத்த பிறகு எனக்கு வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் அஞ்செட்டிக்கு எதுவுமே அப்படித்தான் வரும். சட்டை, பாடப்புத்தகம், ரோபோ, எல்லாமே யாரோ ஒருத்தர் பயன்படுத்தி முடித்த பிறகுதான் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறும்.

லீவுக்கு ஓசூர் போனால் அத்தை வீட்டு டிவியில் ‘ஜயன்ட் ரோபாட்’ பார்ப்போம். ஜப்பானில் 1967-ல் வந்த தொடர் தூர்தர்ஷனைப் பிடித்து எங்களிடம் வந்து சேர இருபது வருடம் ஆகியிருந்தது. பழைய எகிப்து ராஜா மாதிரி தலைப்பாகை கட்டிய ஒரு ராட்சத ரோபோ. ஒரு பொடியன் கைக்கடிகாரத்தில் பேசினால் பறந்து வரும். அப்போது ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்த புதிது. அந்த வாட்ச்சை அங்கேதான் செய்கிறார்கள் என்று அத்தை மகன் அடித்துச் சொன்னான். அவன் ஓசூர்க்காரன், நம்பாமல் இருக்க முடியுமா? அஞ்செட்டி திரும்பி வந்து நான் பலருக்கும் சொல்லி, சிலர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கலாம்.

ரோபோவுக்குக் கை வேண்டும். அம்மா கனகபுரம் பக்கத்து உறவுக்காரர்கள் கொடுத்த சென்னபட்டணா மரப்பொம்மை ஒன்றை எடுத்து நீட்டி, “இதுல இருந்து புடுங்கி வெச்சுக்கோ” என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மரத்தில் ரோபோவா? கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியைப் பிடித்து, அந்தச் சூட்டிலேயே நிறம் இளகிப் பரவ வைத்து, தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிற அந்தப் பொம்மைக்கு இன்று பெங்களூர்க் கடைகளில் வைத்திருக்கும் விலையைப் பார்த்தால் அம்மா கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. காடு தாண்டினால் கிடைக்கிற பொருள், அதனாலேயே மதிப்பில்லை.

அந்தச் சமயத்தில்தான் கெலமங்கலத்திலிருந்து ஈயம் பூசும் பாய் வந்தார். புளியமரத்தடியில் குழி வெட்டித் துருத்தி வைத்து, பித்தளை அண்டாவைக் காய வைப்பார். நவச்சாரத்தை ஒரு சிட்டிகை தூவியதும் குபுக்கென்று வெள்ளைப் புகை கிளம்பும், மூக்கு எரியும். ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் துடைத்தால் அண்டாவுக்குள் நிலா உதிக்கும். அந்தப் பஞ்சு சுற்றுவதைப் பார்க்கவே நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போவோம்.

தொட்டல்லா ஆற்றங்கரைக் களிமண்ணை எடுத்து வந்து, ரோபோவின் இருக்கிற கையை அதில் பாதி புதைத்து, மேலே அடுப்புச் சாம்பல் தூவி, இன்னொரு களிமண் பாளத்தை அழுத்திப் பிரித்தேன். உள்ளே கையின் அச்சு அப்படியே விழுந்திருந்தது. விரல் இடுக்குகூட. பாயிடம் கொண்டுபோனேன்.

“ஈயம் என்ன விலை விக்குது தெரியுமா தம்பி?”

வீட்டில் கொட்டை எடுத்து வைத்திருந்த புளியில் ஒரு உருண்டை கைமாறியது. அதற்குப் பிறகு விலைப் பேச்சு எழவில்லை. அவர் கரண்டியில் உருக்கி ஊற்றினார். பட்டென்று ஒரு சத்தம். ஈரக் களிமண்ணில் உருகிய ஈயம் பட்டதும் நீர் ஆவியாகி வெடித்துச் சிதறியது. ஒரு துளி என் முழங்காலுக்குக் கீழே விழுந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. பாய் நிதானமாக, “காயாத மண்ணு கோவிச்சுக்கும்” என்று சொல்லி, அச்சைக் கணப்பு ஓரம் வைத்து மத்தியானம் வரை காயவிட்டு மறுபடி ஊற்றினார். வெள்ளியாய் மின்னும் ஒரு கை வந்தது.

மாமாவின் டி.வி.எஸ். 50-க்கு வைத்திருந்த டச்-அப் பெயின்ட்டை மிச்சம் மீதி வழித்து ரோபோவுக்கு அடித்தேன். கலந்திருந்த தின்னர் பிளாஸ்டிக் முகத்தைத் தின்றுவிட்டது. அம்மை வார்த்த முகம், புது ஈயக் கை. ஊரே கூடிப் பார்த்தது என்று எழுத ஆசைதான். அப்பா மட்டும் பார்த்தார்.

“ஏண்டா, ரெண்டும் எடக்கையா இருக்குது?”

இடது கையிலிருந்து அச்சு எடுத்தால் இடது கைதானே வரும். அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. பாய்க்கு உறைத்திருக்கும், புளிக்கு மரியாதை செய்து சும்மா இருந்திருப்பார். போதாததற்கு ஈயம் கனம். சாவி கொடுத்தால் ரோபோ வலப்பக்கம் சாய்ந்து செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. இரண்டு வருடம் சுற்றியது. ஒருநாள் பழைய இரும்புக்காரர் வந்தபோது அந்தக் கையின் எடைக்கு ஆசைப்பட்டு அம்மா போட்டுவிட்டாள். பதிலுக்குப் பேரீச்சம்பழம். உண்மையைச் சொன்னால், பழம் தீர்ந்த பிறகுதான் அழுதேன்.

பிறகு எவர்சில்வர் வந்தது, பாய் வருவது நின்றது.

பின்னாளில் தெரிந்துகொண்ட ஒரு விஷயம். ஓசூரிலிருந்து முதல் டி.வி.எஸ். 50 வெளிவந்த அதே 1980-ல்தான் ஜப்பானில் பண்டாய் நிறுவனம் முதல் ‘கண்டம்’ ரோபோ கிட்டை 300 யென்னுக்கு விற்றிருக்கிறது. நான் களிமண் பிசைந்துகொண்டிருந்த வருடங்களில் அங்கே ஆட்கள் வீட்டுக் கொட்டகையில் ரெசின் ஊற்றி ரோபோ வார்த்து, அதற்குக் ‘கராஜ் கிட்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நானும் கராஜ் கிட் கலைஞன்தான். கராஜ் ஒன்றுதான் இல்லை.

இப்போது எல்லாம் இருக்கிறது. பெங்களூர் ஞாயிறு சந்தையில் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு சாவி ரோபோ கிடைத்தது. முழுசாக, இரண்டு கையோடு. அதுதான் பிரச்சினை. இடது கையை அச்சுக்கு எடுத்துக்கொண்டு வலது கையை அறுத்தேன். சிலிக்கோன் ரப்பரில் ஹார்ட்னர் கலந்து டப்பாவில் ஊற்றினால் மறுநாள் அச்சு தயார். சாம்பலுக்குப் பதில் வாஸ்லின். ரெசின் இரண்டு பாட்டில், சம அளவு கலக்க வேண்டும். கலந்து மூன்று நான்கு நிமிடத்தில் கைக்குள் சூடேறி, தேன் நிறம் மறைந்து, தந்தம் மாதிரி வெளுத்துக் கெட்டியாகிவிடும். விளக்குகிறபோது எளிமையாகத்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டேன். இந்த ரெசினும் ஈரம் பட்டால் வாயு விட்டு நுரைக்கும். முதல் கை ஆப்பம் மாதிரி பொறிப்பொறியாக உப்பி வந்தது. பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. நாற்பது வருடம், வேறு மூலப்பொருள், அதே கோபம்.

மறுவாரம் வெயில் பார்த்து வார்த்தேன். குமிழ் இல்லாத கை. உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, வர்ணம் பூசி முடித்ததும்தான் அடுத்த கூத்து. புது பெயின்ட்டைப் பழசாக்க வேண்டும், அதற்கு வெதரிங் என்று பெயர். ஸ்பாஞ்சில் பழுப்பு நிறம் தொட்டு ஒற்றினால் பெயின்ட் உதிர்ந்த மாதிரி இருக்கும். துரு நிறத்தில் ஒரு பொடி, சின்னக் குப்பி, பெரிய விலை. “கேஸ் சிலிண்டருக்கு அடியில வட்டமா எவ்வளவு வேணும்னாலும் இருக்குதே” என்றாள் மனைவி. நியாயம்தான். நான் வாசல் செம்மண்ணை வேட்டித்துணியில் சலித்துப் போட்டேன். குப்பியைவிட நன்றாக ஒட்டியது. முகத்தைத் தின்னரில் கெடுப்பதற்குத்தான் மனம் வர ஒரு நாள் ஆயிற்று.

தங்கை மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புவாள். விடிவதற்கு முன் பஸ். மலைப்பாதையில் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும், அன்றைக்கு மட்டும் ஷிப்டுக்குத் தாமதம் மன்னிக்கப்படும். சந்தைக்குப் பேர்போன போச்சம்பள்ளி பக்கம் 500 ஏக்கரில் ஸ்கூட்டர் தொழிற்சாலை வரப்போகிறது, 3,000 ரோபோ என்று அறிவித்தபோது டீக்கடையில் நாங்கள் சிரித்தோம். இவள் சிரிக்கவில்லை, டிப்ளமோ சேர்ந்தாள். இப்போது வேறொரு கம்பெனியில் நிஜ ரோபோவோடு நாள் முழுக்க நிற்கிறாள்.

“எப்படிம்மா இருக்கும் அது?” என்று கேட்டேன்.

“ஒரே கைதான் மாமா. தலையே இல்ல.”

ஏமாற்றமாக இருந்தது. கைக்கடிகாரத்தில் பேச முடியுமா என்று கேட்கவில்லை.

அவள் என் ரோபோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது எடக்கை மாமா. வலக்கை வேணும்னா ஸ்கேன் பண்ணி மிரர்னு ஒரு பட்டன் அமுக்கினா போதும். நான் எடுத்துத் தரேன்.” வேண்டாம், தெரிந்தேதான் வைத்திருக்கிறேன் என்றேன். அவள் தன் பெரியம்மா பிள்ளைகளிடம் என்னைப் பற்றி என்ன சொல்லுவாளோ.

சாவி கொடுத்துத் திண்ணையில் விட்டோம். நெஞ்சில் பொறி பறந்தது. அம்மை முகம், செம்மண் புழுதி, இரண்டு இடக்கை, எல்லாம் அச்சு அசல். ஆனால் அது நேராக நடந்தது. ஒரு சாய்வு இல்லை, ஒரு சுற்று இல்லை, திண்ணை விளிம்பு வரை அளவெடுத்த மாதிரி நேராகப் போய்த் தொப்பென்று கீழே விழுந்தது. ரெசின் தக்கை. ஈயம் அதைப் போல ஏழு மடங்கு கனம்.

“உள்ள ஓட்டை போட்டு வெயிட் வெச்சுடலாம் மாமா” என்றாள். “எந்த ஆங்கிள்ல சாயணும், சொல்லுங்க.”

ஒகேனக்கல் போகிற பால்காரரிடம் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு நாலு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.