இருபது வருட எக்ஸ்போஷர்

இரவில் ரயிலைப் படம் பிடிக்க என்ன வேண்டும்? ஒரு கேமரா. ஆடாத முக்காலி. கை படாமல் ஷட்டரைத் திறக்க ஒரு ரிமோட். கொசுக்கடியைத் தாங்கும் தோல். இதற்கெல்லாம் மேலே பொறுமை. ஆரணிக்காரரிடம் இவை எல்லாமே இருக்கின்றன. பொறுமை தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. ரயில்தான் இல்லை.

'ஆரணி ரோடு என்று ஸ்டேஷனே இருக்கிறதே?' என்பீர்கள். இருக்கிறது, களம்பூரில். ஊரைவிட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. வெள்ளைக்காரன் ஒரு ஸ்டேஷன் பெயருக்குப் பின்னால் 'ரோடு' என்று ஒட்டினால் அர்த்தம் ஒன்றுதான்: இங்கே இறங்கிக்கொள், மிச்சத்துக்கு ரோடு இருக்கிறது. அவன் போய்விட்டான். ரோடு அப்படியே இருக்கிறது. பெங்களூருப் பக்கமிருந்து வரும் கச்சாப் பட்டும், இங்கிருந்து சென்னைக்குப் போகும் சேலையும் இன்றைக்கும் ரோட்டைத்தான் நம்பியிருக்கின்றன. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. குறியீடு ஊரைத் தேடி வந்தது. ரயில் வரவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். இருட்டில் ஷட்டரை முப்பது வினாடி திறந்து வைத்தால், வேகமாகப் போகும் ரயில் படத்தில் விழாது. அதன் விளக்குகள் மட்டும் நீளக் கோடாக விழும். ரயில் இருக்காது, ரயில் போனது போன்ற ஒரு கோடு இருக்கும். லாங் எக்ஸ்போஷர் என்பார்கள். நம் ரயில்வே இந்தக் கலையில் எல்லோரையும் மிஞ்சிவிட்டது. 2006-07 பட்ஜெட்டில் திண்டிவனம்–நகரி புதிய பாதை என்று அறிவித்தார்கள். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாக ஏறக்குறைய 180 கிலோமீட்டர். அன்றைக்கு ஷட்டரைத் திறந்தார்கள். வரைபடத்தில் கோடு பளிச்சென்று விழுந்திருக்கிறது. ரயில் மட்டும் விழவில்லை.

அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். தனி ரயில்வே பட்ஜெட் என்ற ஒன்றே 2017-ல் செத்துப்போனது. அதன் வயிற்றில் பிறந்த இந்தத் திட்டம் மட்டும் சாகவுமில்லை, வளரவுமில்லை. மாநிலம் நிலத்தை எடுத்துத் தரவில்லை என்கிறது டெல்லி. டெல்லி பணம் தரவில்லை என்கிறது சென்னை. இரண்டு பேருமே உண்மையைச் சொல்கிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆரணியில் ஒரு நெசவாளி பாவு போட்டுவிட்டு, ஊடை போடாமல் இருபது நாள் தறியைச் சும்மா வைத்தால் முதலாளி வீட்டு வாசலில் வந்து நிற்பார். வாங்கிய முன்பணத்தைக் கேட்பார். ஊரே கேட்கும். இங்கே இருபது வருடமாகப் பாவு கிடக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது: 2009-லிருந்து ஆரணி ஒரு மக்களவைத் தொகுதி. நான்கு தேர்தல் முடிந்தது. டெல்லிக்கு எம்.பி. போகிறார். எப்படிப் போகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆரணியிலிருந்து ரயிலேறி அல்ல.

பணம்? சில பட்ஜெட்டுகளில் தமிழ்நாட்டின் புதிய பாதைகள் பலவற்றுக்குத் தலா 1,000 ரூபாய் ஒதுக்கினார்கள். பக்கத்து வீட்டுத் திட்டமான, எழுபது கிலோமீட்டர் நீளத் திண்டிவனம்–திருவண்ணாமலைப் பாதையும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆயிரம் கோடி அல்ல, வெறும் ஆயிரம். திட்டம் உயிரோடு இருக்கிறது என்று காட்ட அடையாளத்துக்கு வைத்த தொகையாம். அந்தக் காசுக்கு ஆரணியில் அசல் பட்டில் ஒரு முந்தானை கிடைக்காது. டெல்லியில் எழுபது கிலோமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது போலும்.

மறுபடியும் இரவுப் படத்துக்கு வருவோம். அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்று ஒரு படக்காரர். 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனியின் நீராவி ரயில்களை ராத்திரி ராத்திரியாகப் படம் பிடித்தார். 1956-ல் ஒரு திறந்தவெளித் தியேட்டர் ஓரமாக ரயில் போகும் ஒரே படத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட ஃபிளாஷ் பல்புகளை ஒரே நொடியில் எரித்தார். ரயில் கம்பெனியே அவருக்கு ஒத்துழைத்தது. இரவை அவர் விரும்பியதற்குக் காரணம் உண்டு. வேண்டிய இடத்தில் மட்டும் வெளிச்சம் போடலாம். வேண்டாததை இருட்டுக்கு விட்டுவிடலாம். இந்த வித்தையை நம் ஆட்சியாளர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மேடைக்கு வெளிச்சம், மாலைக்கு வெளிச்சம், கொடியசைக்கும் கைக்கு வெளிச்சம். மிச்சமெல்லாம் இருட்டு.

லிங்க் இங்கே பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தண்டவாளத்தருகே முக்காலியை நிறுத்தியதுமே காக்கிச்சட்டை வந்திருக்கும். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147, அத்துமீறி நுழைதல்: ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கவனித்தீர்களா? ஒரு மனிதன் தண்டவாளத்தில் கால் வைத்தால் ஆயிரம். ஒரு மாவட்டத்துக்குத் தண்டவாளம் போடவும் ஆயிரம். கணக்கு இடிக்கவில்லை.

ஆனால் ரயில்வேக்குப் படம் பிடிப்பதே ஆகாது என்று சொன்னால் பாவம். 2023-ல் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் செல்ஃபி பாயின்ட் வைத்தார்களே! பிரதமர் படத்தோடு நின்று எடுத்துக்கொள்ளலாம். தற்காலிகக் கூடம் ஒன்றுக்கு 1.25 லட்சம், நிரந்தரக் கூடம் ஒன்றுக்கு 6.25 லட்சம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய ரயில்வேயே பதில் கொடுத்தது. ஒரு நிரந்தரக் கூடத்தின் காசில், ஆயிரம் ரூபாய் கணக்குப்படி, 625 புதிய ரயில் பாதைகளை உயிரோடு வைத்திருக்கலாம்.

2024 மே மாதம் ஒரு நல்லது நடந்தது. வேலூரோடு நின்றுகொண்டிருந்த சென்னைக் கடற்கரை மெமு ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். மாலை ஆறு மணிக்குச் சென்னையை விட்டால் ஆரணி ரோடு வரும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். ரயிலைப் படம் பிடிக்க அருமையான நேரம். அதிலிருந்து பையோடு இறங்கி, ஊருக்கு வண்டி தேடுகிற நெசவாளிக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்று படம் சொல்லாது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் தோளில் பட்டுச் சால்வையைப் போடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரே ஒரு படம் கேளுங்கள். ஆரணி ஊருக்குள் ரயில் நிற்கிற படம். பகலில் எடுத்தாலும் பரவாயில்லை.